காற்றின் ஒழுக்கும் கையின் ஒழுக்கமும்

(சென்னையில் திருமணப் புகைப்படக் கலைஞர்களும் வீடியோ கலைஞர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்களில் சிலரை எனக்கு முகம் தெரியும். டேட்டா ரெக்கவரி செய்யும் என் மேசைக்கு எதிரே, கைக்குட்டையில் சுற்றிய ஹார்டு டிஸ்க்கோடு வந்து உட்கார்ந்த முகங்கள். ஒரு கல்யாண வீட்டுக்கு ஆல்பம் கொடுக்க வேண்டிய நேரம் வந்திருக்கும். டிஸ்க்கிலோ டக், டக் என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருக்கும். தாலி கட்டிய அந்த நிமிடத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது என்பது உங்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அப்படி வருகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், உங்களிடம் கிளீன் ரூம் இருக்கிறதா?" தலை முதல் கால் வரை வெள்ளை உடை அணிந்தவர்கள் கண்ணாடி அறைக்குள் நிற்கும் விளம்பரப் படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த அறை இருந்தால் டேட்டா திரும்பிவிடும், இல்லாவிட்டால் திரும்பாது என்ற எண்ணம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த எண்ணம் சரியா என்று உங்களோடு சேர்ந்து பார்க்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

காற்றிலிருந்து தூசியை நீக்கிய அறைதான் கிளீன் ரூம். முதலில், தூசிக்கு ஏன் இவ்வளவு பயம் என்று பார்ப்போம்.

ஹார்டு டிஸ்க்குக்குள் கண்ணாடிபோல் பளபளக்கும் தட்டுகள் இருக்கின்றன. மேசைக் கணினியில் இருக்கும் பல டிஸ்க்குகளின் தட்டு நிமிடத்திற்கு 7,200 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்று. அதன் குறுக்களவு ஏறத்தாழ 95 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், தட்டின் வெளிவிளிம்பு மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்தத் தட்டுக்கு மேலே, படிக்கவும் எழுதவும் செய்கிற ஹெட் மிதக்கிறது. தட்டு சுழலும்போது கூடவே இழுத்து வரும் காற்றுதான் அதைத் தாங்குகிறது. இன்றைய டிஸ்க்குகளில் ஹெட்டுக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70,000 நானோமீட்டர். கண்ணுக்கே தெரியாத அரை மைக்ரான் துகள்கூட 500 நானோமீட்டர். ஹெட் பறக்கும் உயரத்துக்கு முன்னால் அந்தத் துகள் ஒரு மலை.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்ற இயந்திரம்தான் உலகின் முதல் வணிக ஹார்டு டிஸ்க். 24 அங்குலக் குறுக்களவுள்ள 50 தட்டுகள்; அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்ளும். அதில் ஹெட் சுமார் 20 மைக்ரான் உயரத்தில், அழுத்திச் செலுத்திய காற்றின் மேல் நின்றது. அன்றிலிருந்து ஹெட் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. இடைவெளி ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துவிட்டது. குறையக் குறையத் தட்டையும் ஹெட்டையும் வெளிக்காற்றிலிருந்து மறைக்க வேண்டிய தேவை கூடியது. 1973-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வின்செஸ்டர் டிரைவில் தட்டும் ஹெட்டும் ஒரே மூடிய பெட்டிக்குள் போயின. இன்று உங்கள் பையில் இருக்கும் டிஸ்க் அதன் வழித்தோன்றல்தான்.

அந்தப் பெட்டியே ஒரு குட்டிக் கிளீன் ரூம் என்பதைக் கவனியுங்கள். பல டிஸ்க்குகளின் மேல் ஒரு சிறு துளை இருக்கும். அதை மூட வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். வெளியே உள்ள காற்றழுத்தமும் உள்ளே உள்ளதும் சமமாக இருக்க அந்தத் துளை மூச்சு விடுகிறது. அதற்குக் கீழே வடிகட்டி இருக்கிறது. உள்ளே சுழலும் காற்றைத் திரும்பத் திரும்பச் சலிக்க இன்னொரு சிறு வடிகட்டியும் மூலையில் இருக்கிறது. 2013 முதல் வந்த, ஹீலியம் வாயு நிரப்பிய டிஸ்க்குகளில் அந்தத் துளையும் கிடையாது, முழுக்க அடைத்திருப்பார்கள்.

இனி கிளீன் ரூமுக்கு வருவோம். இன்று நாம் அறியும் வடிவில் அதைக் கண்டுபிடித்தவர் வில்லிஸ் விட்ஃபீல்டு என்ற இயற்பியலாளர். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அணு ஆயுதங்களின் நுண்ணிய பாகங்களைச் சேர்க்கும் இடத்தில் தூசி பெரிய தலைவலியாக இருந்தது. அதற்கு முன்பும் சுத்தமான அறைகள் இருந்தன. தரையைத் துடைப்பார்கள், சுவரிலுள்ள தூசியை உறிஞ்சி எடுப்பார்கள், அடுக்கடுக்காக உடை உடுத்துவார்கள். ஆனால் உள்ளே நிற்கும் மனிதனிடமிருந்தே தூசி பிறந்துகொண்டிருந்தது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரின் உடலிலிருந்தே நிமிடத்திற்கு ஒரு லட்சம் நுண்துகள் உதிரும் என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 1960-களின் தொடக்கத்தில் விட்ஃபீல்டு வேறு வழியில் யோசித்தார். தூசியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். சலித்த காற்றைச் சுழிப்பில்லாமல், ஒரே திசையில், ஓயாமல் ஒழுகவிட்டால் பிறக்கிற தூசியை அந்தக் காற்றே அடித்துக்கொண்டு போய்விடும். செய்து பார்த்தார்கள். துகள் எண்ணும் கருவி பூஜ்யத்தை ஒட்டிய எண்ணைக் காட்டியது. கருவி பழுதாகிவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டார்களாம்.

அந்தக் காற்றோட்டத்தை நான் சீரொழுக்கு என்று சொல்வேன். தமிழில் ஒழுகுதல் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை. நீர் ஒழுகுவதும் ஒழுகுதல்தான். ஒருவன் முறையாக நடப்பதும் ஒழுகுதல்தான். ஒழுக்கு, ஒழுக்கம் என்று இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. என் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

விட்ஃபீல்டின் கண்டுபிடிப்பில் உயிரான பகுதி காற்றின் ஒழுக்கு. சுவரும் கதவும் வெள்ளை உடையும் அதற்குத் துணைகள். அப்படியானால் அதே ஒழுக்கை ஒரு மேசை அளவுக்குச் சுருக்க முடியுமா? முடியும். லேமினார் மேசை என்பது அதுதான். பின்புறத்திலோ மேற்புறத்திலோ ஒரு பெரிய ஹெப்பா வடிகட்டி. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடுகிற வடிகட்டி அது. அதன் வழியே நொடிக்கு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் காற்று மேசையின் மேல் ஒழுகிக்கொண்டே இருக்கும். மருந்துக் கூடங்களிலும் திசு வளர்ப்புக் கூடங்களிலும் பல ஆண்டுகளாக இருக்கும் சாதனம்தான்.

அந்த மேசையில் காற்று எவ்வளவு சுத்தம்? விளம்பரங்களில் கிளாஸ் 100 என்று போடுகிறார்களே, அது 1963-இல் அமெரிக்க அரசு வகுத்த தரம்: ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100-க்கு மேல் போகக் கூடாது. 2001-இல் அந்தத் தரத்தை விலக்கிக்கொண்டார்கள். இப்போது நடப்பில் இருப்பது ஐ.எஸ்.ஓ. 14644. அதன் 5-ஆம் வகுப்பு பழைய கிளாஸ் 100-க்கு இணை: ஒரு கன மீட்டரில் 3,520 துகள்கள். அதே அட்டவணையின் கடைசிப் படியான 9-ஆம் வகுப்பு, சாதாரண அறைக்காற்றை ஒட்டியது: 3 கோடியே 52 லட்சம். இந்த எண்கள் மனத்தில் நிற்காது. ஒரு டம்ளர் காற்றை எண்ணிப் பாருங்கள். டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்த அளவுக்கு மேல் போகாது. 9-ஆம் வகுப்புக் காற்று ஒரு டம்ளரில் 7,000 துகள் வரை இருக்கலாம். 5-ஆம் வகுப்புக் காற்று ஒரு டம்ளரில் சராசரியாக ஒன்றுகூட இராது. நல்ல நிலையில் இருக்கும் லேமினார் மேசை இந்த இரண்டாவது டம்ளரைத் தரும். டிஸ்க்கின் மூடி திறந்திருக்கும் அந்த ஒரு சாண் இடத்தில், முழு அறை தருகிற அதே காற்றைத் தரும்.

ஆகவே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டேட்டா ரெக்கவரிக்கு டிஸ்க்கைத் திறக்கிற நேரத்தில் சுத்தமான காற்று கட்டாயம் வேண்டும். அதற்காக ஒரு முழு அறையையே சுத்தக் காற்றால் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

டிஸ்க் செய்யும் தொழிற்சாலைக்கு முழு அறை ஏன் வேண்டும்? அங்கே நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார்கள். லட்சக்கணக்கான டிஸ்க்குகள் திறந்தபடி நகர்கின்றன. வெளியே போகும் ஒவ்வொன்றும் பல ஆண்டு உழைக்க வேண்டும். நான் பழுது பார்க்கும் டிஸ்க் அப்படி உழைக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பதையெல்லாம் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து முடிக்கும்வரை, சில மணி நேரமோ சில நாளோ உயிரோடு இருந்தால் போதும். பிறகு அதை யாரும் பயன்படுத்தப் போவதில்லை. இரண்டு வேலைகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது.

முழு அறை வீண் என்று நான் சொல்லவில்லை. ஒரே நாளில் பல டிஸ்க்குகளைத் திறக்கும் பெரிய கூடத்துக்கு அது வேண்டும். பல தட்டுகளை ஒன்றுக்கொன்று கோணம் பிசகாமல் மொத்தமாகக் கழற்றி மாற்றும் நீண்ட வேலைக்கு அது உதவும். சான்றிதழ் கேட்கும் பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்வோருக்கும் அது தேவைப்படலாம். நான் மறுப்பது, அறை இருப்பதே திறமைக்குச் சான்று என்ற எண்ணத்தைத்தான்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். ரெக்கவரிக்கு வரும் வேலைகளில் பெரும்பகுதிக்கு டிஸ்க்கைத் திறக்கவே வேண்டாம். தவறுதலாக அழித்த கோப்புகள், ஃபார்மட் ஆன பார்ட்டிஷன்கள், குழம்பிய கோப்பு அமைப்பு ஆகிய எல்லாம் மூடியைத் தொடாமல் செய்யும் வேலை. டிஸ்க் தன்னைத் தானே இயக்கிக்கொள்ள வைத்திருக்கும் ஃபர்ம்வேர் கெட்டிருந்தால், அதையும் வெளியிலிருந்தே தனிக் கருவிகளால் சரிசெய்யலாம். அடியில் உள்ள சர்க்யூட் போர்டு எரிந்திருந்தால் போர்டை மாற்றி, அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகளைச் சேமித்திருக்கும் ரோம் (ROM) சில்லைப் பழைய போர்டிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். இவை எதற்கும் கிளீன் ரூம் வேண்டியதில்லை.

உங்கள் கேமராவின் மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்.எஸ்.டி. இவற்றுக்குள் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் ஹெட்டும் இல்லை. வெறும் சில்லுகள்தான். நுண்ணோக்கியும் நல்ல சால்டரிங் கையும் சில்லைப் படிக்கும் கருவியும் இருந்தால் போதும். மெமரி கார்டுக்குக் கிளீன் ரூம் கட்டணம் என்று ஒருவர் கேட்டால், அந்த இடத்தை விட்டு எழுந்துவிடுங்கள்.

நண்பர்களே, இதையெல்லாம் நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஒரு தோல்வியிலிருந்து கற்றேன். அதைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க எனக்கு உரிமை இல்லை.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிது. ஒரு தம்பி டிஸ்க் கொண்டுவந்தான். அவனுடைய அக்காவின் கல்யாண வீடியோ அதில் இருந்தது. அந்தக் கல்யாணம் முடிந்த சில மாதங்களில் அவர்களுடைய அப்பா இறந்துவிட்டார். அப்பா நடந்து பேசும் காட்சி வேறு எங்கும் இல்லை. அன்று என்னிடம் லேமினார் மேசை இல்லை. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு டிஸ்க்கைத் திறந்தேன். வேறொரு டிஸ்க்கிலிருந்து எடுத்த ஹெட்டை மாற்றினேன். பத்து நிமிடம் ஓடியது. பிறகு கீச்சென்ற ஒரு சத்தம். நிறுத்தித் திறந்து பார்த்தால் தட்டின் மேல் மெல்லிய வட்டக் கோடு. அந்தக் கோட்டில் இருந்த காந்தப் பூச்சு தூளாகிவிட்டது. தூளாகிப் போனதை எந்த அறையிலும் யாராலும் திரும்பச் சேர்க்க முடியாது.

தூசிதான் காரணம் என்று பல ஆண்டு நம்பினேன். கடன் வாங்கி மேசை வாங்கினேன். அதற்குப் பிறகும் ஒரு டிஸ்க் அதே மாதிரி போனபோதுதான், இரண்டு டிஸ்க்கின் ஹெட்களையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஹெட்டைத் தாங்கும் மெல்லிய தகடு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. தூசி தகட்டை வளைக்காது. என் கைதான் வளைத்திருக்கிறது. எதிரெதிரே பார்த்து நிற்கும் ஹெட்கள் ஒன்றையொன்று தொடாமல் பிரித்துப் பிடிக்கச் சீப்புப் போன்ற ஒரு கருவி உண்டு. நான் அதற்குப் பதிலாக மடித்த பிளாஸ்டிக் தாளைச் செருகியிருந்தேன். அவசரத்தில் அது நழுவியிருக்கிறது. உலகின் மிகச் சுத்தமான அறையில் நின்று செய்திருந்தாலும் அந்தத் தகடு வளைந்துதான் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிகழ்ச்சியையும் சொல்கிறேன். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் வானத்திலேயே சிதறியது. நம் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். அந்த ஓடத்தில் செனான் வாயுவின் பிசுபிசுப்பை அளக்கும் ஒரு சோதனை நடந்தது. அதன் அளவுகளில் ஒரு பகுதி மட்டுமே பூமிக்கு வந்திருந்தது; மீதி ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. டெக்சாசில் விழுந்த சிதைவுகளுக்கு நடுவே அந்த டிஸ்க் கிடைத்தது. அதன் அடைப்பு உருகி, உள்ளே மண்ணும் துகளும் புகுந்திருந்தன. மினசோட்டாவில் இருந்த ஒரு ரெக்கவரி நிறுவனம் தட்டுகளைக் கரைசலால் கழுவி, வேறு டிஸ்க்கின் உடலில் பொருத்திப் படித்தது. அதிலிருந்த டேட்டாவில் 99 விழுக்காடு திரும்பக் கிடைத்தது. அந்தச் சோதனையின் முடிவுகள் 2008-இல் ஆய்விதழில் வெளிவந்தன. அந்த நிறுவனத்தில் கிளீன் ரூம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த டிஸ்க் அங்கே போய்ச் சேரும்போதே தூசி உள்ளே புகுந்துவிட்டது. டேட்டா இருந்த பகுதி சிதையாமல் தப்பியிருந்தது. மின்சாரம் கொடுப்பதற்கு முன்னால் தட்டைக் கழுவ வேண்டும் என்று அறிந்த பொறுமையான கை வாய்த்தது. இந்த இரண்டும் கூடியதால்தான் அது திரும்பியது.

மேசை இருந்துவிட்டால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். காற்றின் ஒழுக்கைக் கெடுப்பது மிக எளிது. வடிகட்டிக்கும் திறந்த தட்டுக்கும் நடுவே கையை நீட்டினால், கையிலிருந்து உதிர்வது நேரே தட்டின் மேல் போகும். மேசைக்கு மேலே மின்விசிறி சுழன்றால் சீரொழுக்கு சுழிப்பாகிவிடும். மேசையை ஓடவிட்டு, காற்று நிலைப்படக் காத்திருந்த பிறகே திறக்க வேண்டும். அட்டைப்பெட்டியும் செய்தித்தாளும் மேசை இருக்கும் அறைக்குள் வரக் கூடாது. இடையில் மின்சாரம் போனால் திறந்த டிஸ்க்கை உடனே மூட வேண்டும். நம் ஊரில் மேசைக்கும் யு.பி.எஸ். வேண்டும். முழு அறைக்கு இந்தப் பிழைகளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் இடம் உண்டு. மேசைக்கு அந்த இடம் இல்லை. அதனால் மேசையில் வேலை செய்பவனுக்குக் கை ஒழுக்கம் கூடுதலாக வேண்டும்.

மூடியைக் கழற்றிய டிஸ்க் ஓடுவதைக் காட்டும் வீடியோக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான். பல துகள்களைச் சுழலும் காற்றே தள்ளிவிடும். திறந்த அந்த நொடியிலேயே டிஸ்க் செத்துவிடாது. ஆனால் எந்தத் துகள் எப்போது ஹெட்டுக்கு அடியில் சிக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் இல்லாத பழைய டிஸ்க்கில் விளையாடலாம். ஒரு குடும்பத்தின் ஒரே பிரதியை வைத்துச் சமையலறை மேசையில் விளையாடக் கூடாது.

ஆகவே இனி ஒரு ரெக்கவரிக் கூடத்துக்குப் போனால், கிளீன் ரூம் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிற்காதீர்கள். இந்த டிஸ்க்கைத் திறக்கத்தான் வேண்டுமா, அதை எப்படி முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். திறக்கும் இடத்தில் காற்றைக் கடைசியாக எப்போது துகள் எண்ணியால் அளந்தீர்கள் என்று கேளுங்கள். ஹெட்டைப் பிரிக்கும் சீப்பு இந்த மாடலுக்கு இருக்கிறதா, உதிரி டிஸ்க்கை எப்படிப் பொருத்தம் பார்ப்பீர்கள் என்று கேளுங்கள். முடியாது என்று தெரிந்தால் எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். நிறுத்தத் தெரியாத கைதான் தட்டில் கோடு போடும்.

முடிக்கும் முன் ஒன்று. கையின் ஒழுக்கம் என்று இவ்வளவு நேரம் பேசினேனே, அந்த முதல் கை என்னுடையது அல்ல, உங்களுடையது. என்னிடம் வருவதற்கு முன்னால் டிஸ்க் உங்கள் கையில் இருக்கிறது. டக், டக் என்ற சத்தம் கேட்டதும் இன்னொரு முறை போட்டுப் பார்ப்போம் என்று பத்து முறை ஓடவிடுவீர்கள். ஒவ்வொரு முறையும் பழுதான ஹெட் தட்டின் மேல் உரசிக்கொண்டிருக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த ஊரில் எத்தனை ஸ்டுடியோக்கள் மூழ்கின என்பது உங்களுக்குத் தெரியும். நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்த்தால், காய்ந்து ஒட்டிய சேறு ஹெட்டையும் தட்டையும் ஒருசேரக் கெடுத்துவிடும். ஈரத்தோடு உறையில் போட்டு மூடி, அப்படியே கொண்டு வாருங்கள்.

அந்தத் தம்பியின் தட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவன் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு முதல் நாள் அதைக் கையில் கொடுத்து, அந்தக் கோட்டை விளக்கு வெளிச்சத்தில் பார்க்கச் சொல்வேன். அந்த வட்டத்தில் ஒருவருடைய அப்பா நடந்துகொண்டிருந்தார் என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் மேசையின் சுவிட்சைக் காட்டுவேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு பிரதி வையுங்கள், இரண்டு வேறு இடத்தில். அதையும் மீறிச் சத்தம் கேட்கிற நாள் வந்தால், உடனே கரண்டை எடுத்துவிடுங்கள்.